பாறசாலைக் கடையில் உயிர் பெற்ற கேசட்

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கேசட்டை எம்பி3 ஆக்கித் தரும் சின்னக் கடை ஒன்று இருக்கிறது. அப்பாவின் 'செகண்ட் சாப்டர் ஆஃப் ஆக்ட்ஸ்' என்ற அமெரிக்கக் கிறிஸ்தவ இசைக் குழுவின் கேசட்டை அங்கே கொடுத்தேன். முன்பு வேறொரு கடையில் நாடா சிக்கிக் கசங்கி வந்தது அது. இந்தச் சேட்டன் கூட்டைத் திறந்து, கசங்கிய இடத்தை விரலால் மெல்ல நீவி, வேறு கூட்டுக்கு மாற்றி, அப்புறம்தான் ஓடவிட்டார். 200 ரூபாய். தாராளமாகக் கொடுக்கலாம்.

பாடுவது அன்னி ஹெரிங், தங்கை நெல்லி, தம்பி மாத்யூ வார்ட். பெற்றோர் இறந்த பிறகு சின்னவர்கள் இருவரும் அக்கா வீட்டுக்கு வந்தார்கள். அத்தான் பக் ஹெரிங்தான் ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்டார். 1974இல் முதல் ஆல்பம். அதிலுள்ள 'ஈஸ்டர் சாங்' அன்னி எழுதியது. மூன்று குரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது எது யாருடையது என்றே பிரிக்க முடியவில்லை. ஒரே வீட்டில் வளர்ந்த தொண்டைகள்! எங்கள் சபை கொயரில் 20 வருஷமாக ஆல்டோ (பெண்களின் கீழ்க்குரல்) பாடுகிறேன், அந்த ஒட்டுதல் எங்களுக்கு இன்னும் வரவில்லை.

மாத்யூ 1979இல் தனி ஆல்பமும் போட்டார். குழு 1988இல் நின்றது.

ஒரு குறை: இரண்டாம் பக்கத்தில் இரைச்சல் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சேட்டனிடம் சொன்னேன். காசு வாங்காமல் மறுபடி பதிந்து தருகிறேன் என்றிருக்கிறார். சனிக்கிழமை போகிறேன்.