ஒரு பி450 மதர்போர்டும் அதன்மேல் மாறிய பாகங்களும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ரைசன் 5 2600 பிராசசருக்காக வாங்கிய பி450 சிப்செட் (பாகங்களுக்கிடையே தகவலைக் கடத்தும் போர்டின் சிப்) கொண்ட மதர்போர்டு ஒன்றைத்தான் இன்றும் அன்றாட வேலைகளுக்குப் பயன்படுத்தி வருகிறேன். இடைப்பட்ட காலத்தில் பிராசசர் ரைசன் 7 5700எக்ஸ் ஆனது, ரேம் இரட்டிப்பானது, கிராபிக்ஸ் கார்டு மாறியது, ஹார்டு டிஸ்க் இருந்த இடத்துக்கு எஸ்எஸ்டிகள் வந்தன. போர்டு மட்டும் அப்படியே இருக்கிறது. மதர்போர்டு பொருந்துமா என்ற கேள்வியை வாங்கும் நாளோடு முடிந்துவிடும் ஒன்றாகப் பலரும் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில், ஒவ்வொரு பாகத்தை மாற்றும்போதும் அதே கேள்வி புதிதாக எழுந்தது, விடையும் ஒவ்வொரு முறை ஒவ்வோர் இடத்தில் இருந்தது.

பிராசசரைப் பொருத்தும் சாக்கெட் ஒன்றாக இருந்தால் போதும் என்ற நம்பிக்கையை முதலில் விட்டுவிட வேண்டும். இன்டெலின் எல்ஜிஏ 1151 இதற்கு நல்ல சான்று. 2015இல் ஆறாம் தலைமுறையோடு வந்த இந்தச் சாக்கெட்டின் பெயரும் வடிவமும் 2017இல் எட்டாம் தலைமுறை வந்தபோதும் மாறவில்லை. ஆனாலும் எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசைச் சிப்செட் கட்டாயமானதால், பழைய போர்டில் புதிய பிராசசரைப் பொருத்த முடிந்ததே தவிர, நிறுவனம் தந்த நிலையில் அதை இயக்க முடியவில்லை. ஏஎம்டியின் ஏஎம்4 இதற்கு நேர்மாறாக 2017இன் முதல் ரைசனிலிருந்து 5000 வரிசை வரை நீடித்தது. அந்த நீடிப்பும் தானாக வந்துவிடவில்லை. 2018 ஜூலையில் வெளியான பி450 போர்டுகளுக்கு 5000 வரிசை ஆதரவு கிடையாது என்று 2020 மே மாதத்தில் ஏஎம்டி அறிவித்தது. பயனர்களின் கடும் எதிர்ப்புக்குப் பிறகு அதே மாதத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டது. அந்த முடிவு மாறாமல் இருந்திருந்தால் இந்த அனுபவப் பகிர்வுக்கே இடமிருந்திருக்காது.

ஆகவே போர்டு தயாரிப்பாளரின் இணையதளத்தில் உள்ள பிராசசர் ஆதரவுப் பட்டியலே இறுதி விடை. அதில் பிராசசரின் பெயருக்கு நேரே, எந்த பயாஸ் (கணினியைத் தொடக்கி வைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பதிப்பிலிருந்து அது இயங்கும் என்றும் குறிப்பிட்டிருப்பார்கள். பெயரை மட்டும் பார்த்துவிட்டு அந்தக் கட்டத்தைக் கவனிக்காமல் விடுபவர்களுக்குத்தான், புதிய பிராசசரைப் பொருத்திய பிறகு விசிறி சுற்றியும் திரையில் எதுவும் தோன்றாத நிலை ஏற்படுகிறது. பழைய பிராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிடுவதுதான் பாதுகாப்பான வழி. பழைய பிராசசர் கைவசம் இல்லாதவர்கள், பென் டிரைவையும் பவர் சப்ளையையும் மட்டும் கொண்டு பயாஸை எழுதும் பொத்தான் உள்ள போர்டாகப் பார்த்து வாங்க வேண்டும். விளக்குகளுக்கும் வண்ண மூடிகளுக்கும் கொடுக்கும் பணத்தை இந்த ஒரு பொத்தானுக்குக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: பல பி450 போர்டுகளில் பயாஸ் சிப்பின் கொள்ளளவு 16 எம்பி மட்டுமே என்பதால், புதிய பிராசசர்களுக்கு இடம் கொடுக்கச் சில பழைய பிராசசர்களின் ஆதரவை நீக்க நேர்ந்தது. பழைய பிராசசரை அவசரத்துக்கு எடுத்து வைத்திருப்பவர்கள், புதுப்பித்த பின் அது அதே போர்டில் இயங்குமா என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது.

பிராசசரை மாற்றும் வேலையில் கைக்குத் தெரிய வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ஏஎம்4 பிராசசர்களின் அடியில்தான் ஊசிகள் இருக்கின்றன. சாக்கெட்டின் மேல் அதை அழுத்திப் பிடிக்கும் உலோகச் சட்டம் கிடையாது. வெப்பப் பசை காய்ந்து இறுகியிருக்கும்போது கூலரை நேராக மேலே இழுத்தால், நெம்புகோல் பூட்டியிருந்தாலும் பிராசசரும் அதனோடு பிய்த்துக்கொண்டு வந்துவிடும், ஊசிகளும் வளைந்துவிடும். கணினியைச் சிறிது நேரம் கடினமான வேலையில் ஓடவிட்டு, பசை இளகிய பின் நிறுத்தி, மின்னிணைப்பைத் துண்டித்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருக வேண்டும். பசை விடுவதைக் கையே உணரும். அதன் பிறகு தூக்கினால் கூலர் மட்டும் தனியாக வரும்.

5800எக்ஸை விடுத்து 5700எக்ஸைத் தேர்ந்தெடுத்ததற்கும் போர்டுதான் காரணம். இரண்டும் எட்டு கோர் பிராசசர்கள். இரண்டும் ஆதரவுப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் ஏஎம்4இல் 65 வாட் என்று குறிப்பிடப்படும் பிராசசர் 88 வாட் வரையிலும், 105 வாட் என்று குறிப்பிடப்படும் பிராசசர் 142 வாட் வரையிலும் சாக்கெட் வழியாக மின்சாரத்தை இழுக்கும். என் போர்டில் பிராசசருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் மின்வழங்கு பகுதியின் ஹீட்சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) சிறியது. வீடியோ ரெண்டரிங் போல மணிக்கணக்கில் எல்லா கோர்களும் உழைக்கும் வேலையில் அந்தப் பகுதி சூடேறினால், பிராசசர் குளிர்ச்சியாக இருந்தாலும் வேகத்தைக் குறைத்துக்கொள்ள நேரும். இயங்குமா என்பதற்குத்தான் ஆதரவுப் பட்டியல் விடை சொல்கிறது. முழு வேகத்தில் நாள் முழுக்க இயங்குமா என்பதற்கு மின்வழங்கு பகுதியின் தரமே விடை. 5700எக்ஸுடன் நீண்ட ரெண்டரிங் வேலைகளில் வேகம் சரிந்ததே இல்லை.

ரேமைப் பொறுத்தவரை, முன்பு போர்டின் மீது நான் சுமத்தியிருக்கக்கூடிய குறை உண்மையில் பிராசசருடையது. நான்கு ஸ்லாட்டுகளையும் நிரப்பியபோது 2600 பிராசசரில் ரேம் 3200 வேகத்தில் நிலையாக நிற்கவில்லை. வேகத்தைக் குறைத்தே பயன்படுத்தினேன். அதே போர்டு, அதே நான்கு ரேம்கள், 5700எக்ஸுடன் 3200இல் எந்தத் தடுமாற்றமும் இன்றி ஓடுகின்றன. ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி பிராசசருக்குள்ளேயே இருப்பதுதான் காரணம்: 2600க்கு ஏஎம்டி அறிவித்த உச்ச வேகம் 2933, 5000 வரிசைக்கு 3200. இரண்டே ரேம்கள் வைத்திருப்பவர்கள் பிராசசரிலிருந்து எண்ணும்போது இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் பொருத்த வேண்டும். பெரும்பாலான போர்டுகளின் கையேடு இதையே சொல்கிறது.

என் போர்டில் எஸ்எஸ்டியை நேரடியாகப் பொருத்தும் எம்.2 ஸ்லாட்டுகள் இரண்டு. முதலாவது பிராசசரோடு நேரடியாக இணைந்து பாகங்களை இணைக்கும் பிசிஐஇ தடத்தின் 3.0 பதிப்பு வேகத்தில் நான்கு லேன்களை (தகவல் பாதைகளை) பெறுகிறது. இரண்டாவது சிப்செட் வழியாக வருவதால் பிசிஐஇ 2.0 வேகம்தான், நொடிக்கு 2 ஜிபி என்பதே கணக்குப்படி அதன் உச்சம். அதில் எஸ்எஸ்டியைப் பொருத்தினால் கீழே உள்ள விரிவாக்க ஸ்லாட் ஒன்றும் செயலிழந்துவிடும். இவை அனைத்தும் கையேட்டில் சிறிய எழுத்துகளில் அச்சாகியுள்ளன. பெட்டியின் மேல் இருப்பதோ ‘இரட்டை எம்.2’ என்ற இரு சொற்கள் மட்டுமே. கையேட்டை எல்லாத் தயாரிப்பாளர்களும் இலவசமாகத் தரவிறக்கத் தருகிறார்கள் என்பதால், வாங்கும் முன்பே ஸ்லாட்டுகள் ஒன்றோடொன்று லேன்களைப் பகிரும் பக்கத்தைப் படித்துவிடலாம்.

கிராபிக்ஸ் கார்டிலும் இதே லேன் கணக்கு வரும். 2022இல் வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு லேன்களை மட்டுமே பயன்படுத்துகிறது, பிசிஐஇ 4.0 போர்டில் அது ஓரளவு போதும், பி450இன் பிசிஐஇ 3.0இல் அலைவரிசை பாதியாகி விளையாட்டுகளில் வேகம் கண்கூடாகக் குறைகிறது. பழைய போர்டில் பொருத்துபவர்கள் பதினாறு லேன்களையும் பயன்படுத்தும் கார்டைத் தேடுவது நல்லது. மற்றபடி, கேபினெட்டின் முன்பக்க டைப்-சி போர்ட்டுக்கான இணைப்பு இந்தப் போர்டில் இல்லை. கேபினெட்டை மாற்றிய பிறகு அந்தப் போர்ட் பயனற்றுத்தான் கிடக்கிறது.

பிராசசரையோ பயாஸையோ மாற்றுபவர்கள் விண்டோஸில் வட்டைப் பூட்டிப் பாதுகாக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று முன்கூட்டியே பார்த்து, மீட்புச் சாவியைக் கணினிக்கு வெளியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பிராசசரைச் சார்ந்த டிபிஎம் (பூட்டின் சாவியைக் காக்கும் பகுதி) மாறியதும் கணினி அந்தச் சாவியைக் கேட்கும்; இல்லையென்றால் தகவல்கள் பூட்டியபடியே இருந்துவிடும்.

அடுத்த போர்டு ஏஎம்5ஆக இருக்கும். 2022இல் வந்த அந்தச் சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டுமே இயங்கும் என்பதால் இப்போதைய ரேம்கள் நான்கும் அங்கே பயன்படா. டிடிஆர்4க்கும் டிடிஆர்5க்கும் 288 தொடுமுனைகளே என்றாலும் வெட்டுப்பள்ளம் வேறிடத்தில் இருக்கிறது. கூலரைத் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்று நினைப்பவர்கள் அது போர்டுடன் வந்த பின்தகட்டிலேயே திருகப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஏஎம்5இல் அந்தத் தகடு சாக்கெட்டோடு சேர்ந்தது, அதைக் கழற்ற முடியாது. தனக்கென வேறு பின்தகடு கேட்கும் கூலர்களுக்குத் தயாரிப்பாளரிடமிருந்து மாற்றுப் பொருத்தி தேவைப்படும்.