‘முதல் சாய்ஸே கிடைத்துவிட்டது’ என்று வாழ்த்திய கட்-ஆஃப் ஆலோசகர்களிடம் ₹25,000 இழந்தோம்: பெற்றோர்களுக்கு எச்சரிக்கை

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் (சேர விரும்பும் கல்லூரி, பாடப்பிரிவுகளின் வரிசை) தயாரித்துத் தருவதாகச் சொல்லும் தனியார் ஆலோசனை மையம் ஒன்றிடம் ₹25,000 கொடுத்து, அதற்குப் பலனாக என் மகளின் மதிப்பெண்ணுக்குச் சற்றும் பொருந்தாத ஒரு கல்லூரியைச் சென்ற வாரம் பெற்றிருக்கிறோம். மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பிளஸ் டூ முடிவு வந்தவுடன் இத்தகைய மையங்கள் ஊருக்கு ஊர் முளைத்துவிடுகின்றன என்பதால், எங்களை எப்படி ஏமாற்றினார்கள் என்பதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் போனபோது அந்த ஆலோசகர் என் மகளின் மதிப்பெண்களைக் கேட்டு, ஒரு வெள்ளைத் தாளில் எங்கள் கண்ணெதிரிலேயே கணக்குப் போட்டார். கணிதம் 94 அப்படியே, இயற்பியல் 86-இல் பாதி 43, வேதியியல் 90-இல் பாதி 45, ஆக 200-க்கு 182. மாணவரின் கட்-ஆஃப் என்று சொல்வது இந்தக் கூட்டு மதிப்பெண்ணைத்தான். அந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை; அடுத்து அவர் சொன்னவற்றை நாங்கள் நம்பியதும் அதனால்தான். பிறகு மடிக்கணினியை எங்கள் பக்கம் திருப்பி, கல்லூரிக் குறியீடு, பாடப்பிரிவு, ‘கட்-ஆஃப்’ என்று வரிசையாகப் பச்சையும் மஞ்சளும் தீட்டிய ஓர் அட்டவணையைக் காட்டினார். ஒரு தனியார் கல்லூரியின் கணினி அறிவியலுக்கு நேராக 180.5 என்று இருந்தது. “போன வருஷம் 180.5-ல க்ளோஸ் ஆயிருக்கும்மா. பாப்பா 182. இதை டாப்ல வைக்கலைன்னா கைவிட்டுப் போயிடும்” என்றார். நான்கு ஆண்டுப் படிப்பைத் தீர்மானிக்கும் விஷயத்தில் இவ்வளவு விவரமாகப் பேசுகிறாரே என்று அங்கேயே ₹10,000-ஐ ஜிபேயிலும் மறுநாள் ₹15,000-ஐ ரொக்கமாகவும் கொடுத்தோம். எங்களிடம் அரசு கேட்ட பதிவுக் கட்டணம் ₹500 மட்டுமே. இவர்கள் வாங்கியது ₹25,000.

விண்ணப்பத்தையும் அவர்களே பதிவு செய்தார்கள். கைப்பேசி எண், மின்னஞ்சல் என்ற இரண்டு கட்டங்களிலும் தங்களுடையதையே நிரப்பிக்கொண்டு, “ஓ.டி.பி. எந்த நேரத்துல வந்தாலும் நாங்க பார்த்துக்குவோம், நீங்க நிம்மதியா இருங்கம்மா” என்றார்கள். விருப்பப் பட்டியலை இறுதி செய்து பூட்டும்போதும் எங்களுக்கு எந்தத் தகவலும் வரவில்லை என்பதற்கு இதுதான் காரணம்.

தற்காலிக ஒதுக்கீடு வெளியான அன்று, “வாழ்த்துகள், முதல் சாய்ஸே கிடைத்துவிட்டது” என்று வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினார்கள். மாலையில் வீட்டுக்கு வந்த என் கொழுந்தனார் மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். அவன் கலந்தாய்வுக்கான அதிகாரப்பூர்வ இணையதளத்தில் சென்ற ஆண்டுப் பட்டியலைத் திறந்து, அதே கல்லூரிக் குறியீட்டையும் பாடப்பிரிவையும் தேடி, எங்கள் பி.சி. பிரிவுக்கான கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினான். அங்கே 149 என்று இருந்தது. ஒரு கல்லூரிப் பாடப்பிரிவின் கட்-ஆஃப் என்பது அங்கே கடைசியாகச் சேர்ந்த மாணவரின் மதிப்பெண். சென்ற ஆண்டு ஒதுக்கீட்டுப் பட்டியல்களைத் தேடிப் பார்த்தபோதுதான், 180.5 என்பது அந்தப் பாடப்பிரிவில் சேர்ந்தவர்களிலேயே அதிக மதிப்பெண் எடுத்தவருடையது என்பது தெரிந்தது. முதலில் நுழைந்தவரின் மதிப்பெண்ணைக் கட்-ஆஃப் என்ற தலைப்பின் கீழ் போட்டு, 149-க்கு முடிந்த இடத்தை 182 எடுத்த பெண்ணுக்குப் பெரிய வாய்ப்பாகக் காட்டியிருக்கிறார்கள்.

இதில் இன்னும் கொடுமையானது பட்டியலின் வரிசை. ஒவ்வொரு மாணவருக்கும் தரவரிசைப்படி முறை வரும்போது, கணினி அவருடைய விருப்பப் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் காலியாக உள்ள முதல் விருப்பத்தைக் கொடுத்துவிட்டு அதோடு நின்றுவிடும். 149-க்கு முடிகிற இடம் முதல் வரியில் இருந்தால், கீழே 178-க்கும் 181-க்கும் முடிந்த நல்ல கல்லூரிகள் எத்தனை இருந்தாலும் அவற்றைக் கணினி பார்க்காது. ஒதுக்கப்பட்ட இடத்தை வைத்துக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கும் வசதியும் எங்களுக்குப் பயன்படவில்லை, ஏனெனில் முதல் விருப்பத்துக்கு மேலே எதுவும் இல்லை. ஏற்றுக்கொள்வது, வேண்டாமென்று அடுத்த சுற்றுக்குப் போய் மிச்சமிருக்கும் இடங்களில் தேடுவது, கலந்தாய்விலிருந்தே விலகுவது என்ற மூன்றில் ஒன்றை இரண்டே நாளில் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. அடுத்த சுற்றுக்குப் போயிருக்கிறோம்.

அந்த இரண்டு நாளும் மையத்தை அழைத்துக்கொண்டே இருந்தேன். முதலில் ஆலோசகரே பேசி, “முதல் சாய்ஸ் கிடைச்சிருக்கு, இதுக்கு மேல என்னம்மா வேணும்?” என்றார். 149 என்று சொன்னதும், “டேட்டா டீம்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார். அடுத்து ஒரு பெண் எடுத்து, “சார் கவுன்சலிங்ல இருக்காங்க” என்றார். நேரில் போனபோது, வரவேற்பில் இருந்தவர் எங்கள் ரசீதை எங்களிடமே திருப்பிக் காட்டி, சேவைக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்று அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைப் படிக்கச் சொன்னார். “பணம் ஆலோசனைக்குத்தான், சீட்டுக்கு இல்ல” என்றார். பொய்யான எண்ணைக் காட்டுவதற்கு ஆலோசனை என்று பெயரா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அங்கேயே காத்திருந்த இன்னொரு தாயின் கையிலிருந்த பட்டியலிலும் முதல் வரியில் அதே கல்லூரிதான் இருந்தது. அவருடைய மகனின் கட்-ஆஃப் 167.

அந்த ₹25,000-க்கு ‘எல்லாப் படிப்புகளுக்கும் சேர்த்து’ என்று ஓர் அச்சிட்ட தாளும் கொடுத்திருந்தார்கள். பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் எல்லாவற்றுக்கும் நேராக ஒரே 182. இது எவ்வளவு அபத்தம் என்று இப்போதுதான் புரிகிறது. வேளாண்மைக்கு உயிரியல், கணிதம், இயற்பியல், வேதியியல் நான்கும் தலா 50-க்குக் கணக்கிடப்படுகின்றன. உயிரியலில் 78 எடுத்த என் மகளுக்கு அது 174. கால்நடை மருத்துவத்துக்கு உயிரியல் முழு 100-க்கு வருவதால் 166 ஆகிவிடுகிறது. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களின் 400-ஐப் பார்க்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரே கட்-ஆஃப் என்று அச்சடித்துக் கொடுத்தவர்களுக்கு, இந்த வேறுபாடு தெரியவில்லையா, தெரிந்தும் அக்கறை இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. பணம் மட்டும் முழுதாகப் போய்விட்டது.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் தொடங்கினேன். மனம் இப்போது அதற்கு இடம் கொடுக்கவில்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். யார் எந்த அட்டவணையைக் காட்டினாலும், அதிகாரப்பூர்வப் பட்டியலில் கல்லூரிக் குறியீட்டையும் உங்கள் வகுப்புப் பிரிவையும் வைத்து அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். கணிதத் தேர்வு எளிதாக அமைந்த ஆண்டில் ஒரே மதிப்பெண்ணில் ஏராளமானோர் நிற்பார்கள் என்பதால், மதிப்பெண்ணோடு தரவரிசை எண்ணையும் சென்ற ஆண்டோடு ஒப்பிடுங்கள். உங்கள் கட்-ஆஃபைவிட அதிகமாக முடிந்த இடங்களைப் பட்டியலின் மேலேயும், குறைவாக முடிந்தவற்றைக் கீழேயும் வையுங்கள். கைப்பேசி எண்ணும் கடவுச்சொல்லும் உங்களுடையதாகவே இருக்கட்டும். பதிவு செய்யத் தெரியாவிட்டால் அரசின் பொறியியல் சேர்க்கை சேவை மையங்களில் உதவுகிறார்கள். ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் செய்யுங்கள். எங்கள் ₹25,000-க்கு நாங்களும் அங்கேதான் புகார் கொடுத்திருக்கிறோம்.