வலைக்கூடையா, ஓட்டையில்லாத தொட்டியா, குளத்தடி மண்ணா?

தோட்டத்துக் குளத்தில் செடி நட மூன்று வழிகள் உண்டு. சுற்றிலும் துளைகள் உள்ள வலைக்கூடையில் நட்டு நீரில் இறக்கலாம். அடியில் ஓட்டையே இல்லாத தொட்டியில் நடலாம். இரண்டும் வேண்டாம் என்றால் குளத்தின் அடியில் மண்ணைப் பரப்பி நேராக ஊன்றிவிடலாம். எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் குளத்தின் நீள அகலத்தைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். நான் முதலில் வேரைப் பார்க்கச் சொல்வேன். கிழங்கு எப்படி ஓடும், எவ்வளவு உரம் கேட்கும் என்று தெரிந்துவிட்டால் பாதி முடிவு வந்துவிடும்.

தாமரை விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம், ஓட்டையில்லாத வட்டத் தொட்டிதான். தாமரைக் கிழங்கிலிருந்து கிளம்பும் தண்டு, மண்ணுக்குள் தொட்டிச் சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி ஓடும். சதுரத் தொட்டியில் அது மூலையில் போய் முட்டிக்கொள்ளும். வலைக்கூடையிலோ துளை வழியாக வெளியேறிவிடும். அப்புறம் செடி ஒரு பக்கம், கூடை ஒரு பக்கம். 40 முதல் 60 செ.மீ. அகலமும் 25 முதல் 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி போதும். கிழங்கைப் படுக்கவைத்து, மேலே மெல்லிய மண் போர்த்தி, கொழுந்து நுனியை மட்டும் வெளியே விடுங்கள். அது மிதந்து வராமல் இருக்க நடுவில் ஒரு தட்டைக் கல் வைக்கலாம். நுனி மட்டும் ஒடியவே கூடாது. நுனிகள் ஒடிந்துபோன கிழங்கு பெரும்பாலும் முளைக்காமல் அழுகிவிடும். முதலில் மண்ணுக்கு மேல் 5 முதல் 15 செ.மீ. நீர் இருந்தால் சரி.

அல்லியில்தான் கூடைக்கும் தொட்டிக்கும் நிஜமான போட்டி. கூடையின் பக்கம் இருப்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நீர் உள்ளே வந்து போவதால் மண் கறுத்து நாற்றமெடுப்பது குறைவு. தூக்கும்போது நீர் வடிந்துவிடும், கை வலிக்காது. ஆனால் அதே துளைகள் வழியாக மண்ணும் கரையும், உரமும் கசியும். கசிந்த உரம் பாசிக்குத்தான் விருந்து. உள்ளே சாக்குத்துணி விரித்துத் தடுக்கலாம், அதுவும் நாளடைவில் மக்கிப்போகும். வேர்கள் துளை வழியே நாலாபக்கமும் நீண்டுவிட்டால், கூடையைத் தூக்கும்போது அவை அறுபடும்.

வேர் மூச்சுவிடக் கூடைதான் வேண்டும் என்ற வாதம் அல்லிக்கு அவ்வளவாகப் பொருந்தாது. மிதக்கும் இலைகளிலிருந்து காம்புக்குள் ஓடும் காற்றுக்குழல்கள் வழியாகவே கிழங்குக்குக் காற்று இறங்குகிறது. சேற்றில் வாழ்வதற்கென்றே அமைந்த உடம்பு அது. அதனால் அல்லிக்கும் என் ஓட்டு அகலமான, ஆழம் குறைந்த, ஓட்டையில்லாத தொட்டிக்கே. அல்லி பெருந்தீனிக்காரச் செடி. வளரும் பருவத்தில் மாதம் ஒருமுறை மண்ணுக்குள் அழுத்திவைக்கும் உர மாத்திரை முழுவதும் அதற்கே போய்ச்சேர வேண்டும்.

நடும் விதமும் கிழங்கைப் பொறுத்தது. குளிர் தாங்கும் அல்லிகளின் கிழங்கு கிடையாக ஊர்ந்து வளரும். அதைத் தொட்டியின் ஓரத்தில் சாய்வாக வைத்து, நுனியை நடுப்பக்கம் திருப்பி நட்டால் ஓட இடம் கிடைக்கும். வெப்பமண்டல அல்லிகளை நட்ட நடுவில் வையுங்கள். இரண்டிலும் குருத்து மண்ணுக்கு வெளியே தெரிய வேண்டும்.

கூடை ஜெயிக்கும் இடம் குளத்து ஓரம். வசம்பு, வல்லாரை போன்றவற்றை அடிக்கடி தூக்கிப் பிரிக்க வேண்டியிருக்கும், மண்ணும் கொஞ்சம் போதும். வெளியே நீளும் வேர்கள் மீன் கழிவில் கரைந்த சத்தை உறிஞ்சிக்கொள்வதால் குளத்து நீருக்கும் நல்லது. உயரமாக வளரும் சம்புக் கோரை மட்டும் விதிவிலக்கு. அதன் கூரான கிழங்கு, நீர் கசியாமல் இருக்கக் குளத்தடியில் போடும் விரிப்பையே துளைத்துவிடக்கூடியது. அதற்குக் கெட்டியான தொட்டிதான், அடியில் கல் போட்டு. இல்லையென்றால் காற்றில் சாய்ந்துவிடும்.

நேராக மண்ணில் நடுவது, இயற்கையான மண் தரை கொண்ட பெரிய குளத்துக்கு அழகு. விரிப்பு போட்ட சின்னக் குளத்தில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மீன்கள் கிளறிக் கிளறி நீர் கலங்கியே இருக்கும். வேகமாகப் பரவும் ஒரு செடி மற்றதையெல்லாம் நெருக்கிவிடும், பிரித்து நடக் குளத்தையே வடிக்க வேண்டிவரும்.

எதில் நட்டாலும் மண்ணில் சமரசம் கூடாது. களிமண் கலந்த கனமான தோட்டத்து மண்ணே போதும். மாடித்தோட்டக் கலவையில் இருக்கும் தென்னைநார்த்தூளும், பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் குருணையும் மிதந்து வெளியே வந்துவிடும். சாணமும் மக்காத உரமும் நீருக்கடியில் அழுகி நாறும். தொட்டி மண் கெட்டுப்போனது என்று சொல்பவர்கள் அதில் என்ன கலந்தார்கள் என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மேலே ஓரிரு செ.மீ. கூழாங்கல் பரப்புங்கள். பெரிய கோய் மீன்கள் இருந்தால் அவை புரட்ட முடியாத அளவு கல்லாக இருக்கட்டும்.

இறக்குவதற்கு முன் மண்ணை நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த மண்ணோடு இறக்கினால் உள்ளிருக்கும் காற்று குமிழியிட்டு மண்ணையும் கிழங்கையும் கிளப்பிவிடும். அல்லியை முதல் நாளே ஆழத்தில் வைக்காமல், கற்களை அடுக்கி, குருத்துக்கு மேல் 15 செ.மீ. நீர் நிற்கும்படி வையுங்கள். இலைகள் மேலே வர வர ஒவ்வொரு கல்லாக எடுத்துவிடலாம். குளிர் தாங்கும் வகைகள் பலவும் 30 முதல் 60 செ.மீ. ஆழம் வரை போகும், வெப்பமண்டல அல்லிக்கு 30 செ.மீ. போதும். புது சிமென்ட் கல்லை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதிலுள்ள சுண்ணாம்பு கரைந்து நீரின் காரத்தன்மையை ஏற்றி மீன்களைப் பாதிக்கும்.