பள்ளி நிதிக்காக மனு அடிக்க ஒரு நல்ல டிடிபி கடை, வியாசர்பாடி

கடைக்குப் பெரிய பெயர்ப்பலகை எல்லாம் கிடையாது. 'ஜெராக்ஸ், டிடிபி, லேமினேஷன்' என்று மஞ்சள் எழுத்தில் இருக்கும். உள்ளே ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், உட்கார ஒரே ஒரு ஸ்டூல். அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் "மனு அக்கா கடையா?" என்று கைகாட்டுவார்கள். எங்கள் பகுதி அரசு மேல்நிலைப் பள்ளிக்கு நியாயமான நிதி கேட்டு ஆறு மாதமாக அலைகிற பெற்றோர்களில் நானும் ஒருத்தி. எங்கள் தாள் அத்தனையும் இங்கேதான் அடித்தோம், அதனால் எழுதுகிறேன்.

முதல் நாள் நாலு பேர் போனோம், நோட்டுத் தாளில் கையால் எழுதிய மூன்று பக்கத்தோடு. எங்கள் பள்ளியை ஏன் ஒதுக்குகிறீர்கள், லேப் ஏன் இப்படி, கழிவறை ஏன் இப்படி என்று மூன்று பக்கமும் கோபம்தான். வேறு கடையாக இருந்தால் அப்படியே அடித்துக் கொடுத்துக் காசு வாங்கியிருப்பார்கள். அக்கா நின்றபடியே முழுக்கப் படித்துவிட்டு, "இதுல மனு ஒண்ணு இருக்கு, ஆர்டிஐ ஒண்ணு இருக்கு, பிரிச்சுக்கலாமா?" என்று கேட்டார். மனுவில் எத்தனை பேர் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடலாம், ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தகவல் கேட்கும் விண்ணப்பம் மட்டும் ஒருவர் பெயரில் போகட்டும், அதுதான் சிக்கல் இல்லாதது என்றார். அதிலிருந்த 'ஏன்' எல்லாவற்றையும் பேனாவால் அடித்தார். "ஏன்னு கேட்டா விளக்கம் சொல்லச் சட்டத்துல இடமில்லன்னு ஒரே வரில முடிச்சுடுவாங்கம்மா. எந்த வருஷம், எந்தத் தலைப்புல, எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ செலவாச்சு, பில் நகல் குடுங்கன்னு கேளுங்க."

அப்புறம் கணக்குக்கு வந்தார். ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளிகளுக்கு வருடா வருடம் வரும் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 251 முதல் 1,000 பிள்ளைகள் வரை இருந்தால் 75,000 ரூபாய், அதைத் தாண்டினால் ஒரு லட்சம். எங்கள் பள்ளியில் 940 பேர். அக்கா கால்குலேட்டரில் தட்டி எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்: ஒரு பிள்ளைக்கு ஒரு வருடத்துக்கு 80 ரூபாய்கூட முழுசாக இல்லை. 260 பேர் படிக்கிற பள்ளிக்கும் அதே 75,000தான், அங்கே தலைக்கு 288 வருகிறது. சின்னப் பள்ளிக்குக் குறைக்கச் சொல்லவில்லை, எங்கள் பிள்ளைகளுக்குக் கூட்டிக் கொடுங்கள் என்கிறோம். சாக்பீஸ், கரண்ட் பில், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் இந்த மானியத்தில்தான், அதிலும் 10 சதவீதமாவது தூய்மைப் பணிக்கு ஒதுக்க வேண்டும். அதாவது 940 பிள்ளைகள் போகிற கழிவறைக்கு 7,500 ரூபாய். அதுவரை 'நிதி பத்தவில்லை' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த நாங்கள், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அக்கா போட்டுத் தந்த அந்தச் சின்ன அட்டவணையை ஆளுக்கொன்றாகக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசினோம்.

போகிற இடத்தில் எல்லாம் ஒன்றிய அரசு பணம் தரவில்லை என்றார்கள். அது உண்மைதான். பிஎம் ஸ்ரீ என்ற ஒன்றிய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேராததால் 2024-25க்கான சமக்ர சிக்ஷா பணம் 2,152 கோடி ரூபாய் வராமல் நின்றது, மாநில அரசு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் எங்கள் பள்ளி லேபில் மைக்ராஸ்கோப் லென்ஸை செல்லோடேப் போட்டுச் சுற்றி வைத்தது அதற்கெல்லாம் முன்னால். என் மகள் ஒன்பதாவதில் அதில்தான் வெங்காயத்தோல் பார்த்தாள், இப்போது பன்னிரண்டாவது படிக்கிறாள், டேப் அப்படியே இருக்கிறது. இதைச் சொன்னதும் அக்கா, "அப்ப 2019-20லேர்ந்து வருஷவாரியா கேளுங்க" என்று அந்த வரியைச் சேர்த்தார். கடைசியில், இந்தத் தகவல் உங்களிடம் இல்லையென்றால் பிரிவு 6(3)இன்படி உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்புங்கள் என்றும் ஒரு வரி. எங்களுக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது.

ஒரு பக்கம் அடிக்க 40 ரூபாய், ஜெராக்ஸ் 2 ரூபாய். விண்ணப்பத்தில் ஒட்டும் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை கடையில் கிடைக்காது, முன்கூட்டியே வாங்கிக்கொண்டு போங்கள். 112 பேர் கையெழுத்துப் போட்ட மனுவை அவரே வரிசை எண் போட்டு, ஓரத்தில் நூல் கோத்துக் கட்டித் தந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

குறை என்றால் எழுத்துருதான். பழைய வானவில் எழுத்துருவில் அடித்த ஃபைலை எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டபோது யார் போனிலும் படிக்க முடியவில்லை, ஒரே கிறுக்கலாக வந்தது, ஒரு நாள் வீணாகிவிட்டது. யூனிகோடில் அடிக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் பிடிஎஃப் கேட்டு வாங்குங்கள். சாயங்காலம் 6 மணிக்கு மேல் பள்ளிப் பிள்ளைகள் பிராஜெக்ட்டுக்குப் படம் பிரிண்ட் எடுக்க நிற்பார்கள், மனு வேலை நகராது. மழை என்றால் வாசலில் தண்ணீர் நிற்கும்.

தகவல் 27ஆம் நாள் வந்தது. நாலு கேள்விக்கு இரண்டுக்குத்தான் பதில், பில் நகல் ஒன்றுகூட இல்லை. 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட வேண்டும் என்று அக்கா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார், வரைவும் தயார். வேறு பள்ளிப் பெற்றோர் யாராவது போவதாக இருந்தால் காலை 11 மணிக்குள் போங்கள், உங்கள் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையை வகுப்புவாரியாக எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், அதைத்தான் முதலில் கேட்பார்.