கார்டு மாறும் இடத்தில் என்ன வாசிப்பது: ஆல்ட்டோ சாக்ஸபோனுடன் ஏழு ஆண்டுகள்

ஜாஸ் பாட்டுகளுக்குக் கற்பனையாகச் சோலோ வாசிக்கப் பழகிய முதல் இரண்டு ஆண்டுகளில் பயிற்சி செய்ததை எல்லாம் கைபேசியில் பதிவு செய்து வைத்திருந்தேன். பின்னணி இசை ஹெட்ஃபோனில் ஓடியதால் பதிவில் கேட்பது என் ஆல்ட்டோ சாக்ஸபோன் மட்டும்தான். போன மாதம் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டேன். தப்புச் சுரம் அதிகம் இல்லை, விரல் வேகமும் பரவாயில்லை. ஆனால் எந்தப் பாட்டுக்கு வாசிக்கிறேன், கார்டு (பின்னணியில் ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டு) எங்கே மாறுகிறது என்பதைக் கேட்டுக் கண்டுபிடிக்க முடியவில்லை. அண்மைப் பதிவுகளில் அது முடிகிறது. பியானோ இல்லாமலே பாட்டின் போக்கு சாக்ஸபோனில் தெரிகிறது. இந்த ஏழு ஆண்டுகளில் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். அது எப்படி வந்தது என்று எழுதி வைக்கத் தோன்றியது.

தொடக்கத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ‘ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஸ்கேல்’, அதாவது ஒரு சுர வரிசை, என்ற முறையில் ஆரம்பித்தார். ஏ, டி, ஜி என்பவை மேற்கத்தியச் சுரங்களின் பெயர்கள்; மைனர், மேஜர், 7 என்பவை கார்டின் வகையைக் குறிக்கும். ஏ மைனர் 7 வந்தால் டோரியன், டி 7 வந்தால் மிக்ஸோலிடியன், ஜி மேஜர் 7 வந்தால் மேஜர் ஸ்கேல். ஒன்றரை ஆண்டு இதையே பன்னிரண்டு சுருதிகளிலும் சாதகம் செய்தேன். இதில் இருந்த சிக்கல் ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. மேலே சொன்ன மூன்று ஸ்கேல்களிலும் இருப்பவை அதே ஏழு சுரங்கள், தொடங்கும் இடம்தான் வேறு. மூன்று கார்டுகளுக்கும் அந்த ஏழையே மேலும் கீழும் ஓட்டிக்கொண்டிருந்தால், கார்டு மாறியது கேட்பவருக்கு எப்படித் தெரியும்? ஸ்கேல் பயிற்சி வீண் என்று சொல்ல மாட்டேன், என் விரல்கள் பழகியது அதனால்தான். ஆனால் எந்த நேரத்தில் எந்தச் சுரத்தில் போய் நிற்பது என்ற கேள்விக்கு அதில் விடை கிடையாது.

விடை கைடு டோன்களில் இருந்தது. ஒரு கார்டுக்குப் பெயர் தரும் மூலச் சுரத்திலிருந்து எண்ணினால் வரும் மூன்றாவது, ஏழாவது சுரங்களை அப்படிச் சொல்வார்கள். அது மேஜரா, மைனரா, அடுத்த கார்டை நோக்கி இழுக்கிறதா என்பதைக் காட்டிக்கொடுப்பவை இந்த இரண்டும்தான். மூலச் சுரத்தைப் பாஸ் வாசிப்பவர் பார்த்துக்கொள்வார்.

நான் எடுத்துக்கொண்ட பாட்டு ‘ஆட்டம் லீவ்ஸ்’. ஜோசப் காஸ்மா 1945இல் இசையமைத்த மெட்டு, பிரெஞ்சுப் பாட்டாகப் பிறந்து பிறகு ஜாஸுக்குள் வந்தது. ஆல்ட்டோ ஒரு ஈ ஃபிளாட் வாத்தியம், நாம் சி வாசித்தால் பியானோவின் ஈ ஃபிளாட் (ஈக்கு அரைச் சுரம் கீழே) ஒலிக்கும் என்பதால் பியானோவுக்கு ஜி மைனர் என்றால் நமக்கு ஈ மைனர். முதல் எட்டு பார்களில் (பார் என்பது நான்கு தட்டு கொண்ட ஓர் அளவு; ஷார்ப் என்றால் அரைச் சுரம் மேலே) கார்டுகள் இப்படி வரும்: ஏ மைனர் 7, டி 7, ஜி மேஜர் 7, சி மேஜர் 7, எஃப் ஷார்ப் மைனர் 7 ஃபிளாட் 5, பி 7, கடைசி இரண்டு பார்களுக்கு ஈ மைனர். பார்க்கப் பெரிய பட்டியல். இதில் முதல் கார்டின் மூன்றாவது சுரமான சியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்திலும் மிக அருகில் இருக்கும் கைடு டோனுக்கு மட்டும் நகர்ந்து பாருங்கள். சி, சி, பி, பி, ஏ, ஏ, ஜி. ஏழு கார்டுகளுக்கு நான்கே சுரங்கள், படி இறங்குவது போல. ஏழாவது சுரமான ஜியில் தொடங்கினால் இன்னொரு வரி கிடைக்கும்: ஜி, எஃப் ஷார்ப், எஃப் ஷார்ப், ஈ, ஈ, டி ஷார்ப், கடைசியில் ஈக்கே திரும்பி வந்துவிடலாம். அந்த டி ஷார்ப் வரும் இடத்தில் பாட்டே மைனர் பக்கம் திரும்புவது காதில் விழும். முதல் தடவை அதைக் கேட்டபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை நாள் அதே கார்டுகளுக்கு வாசித்தும் அதைக் கேட்காமலே கடந்து போயிருக்கிறேன்.

மூன்று மாதம் அந்த இரண்டு வரிகளை மட்டும் வாசித்தேன். முதலில் முழு பாருக்கும் ஒரே நீண்ட சுரம். அப்புறம் அந்தச் சுரத்துக்கு அரைச் சுரம் மேலிருந்தும் கீழிருந்தும் சுற்றி வந்து சேருவது. அப்புறம் இரண்டு சுரங்களுக்கு நடுவில் கார்டின் மற்ற சுரங்களை நிரப்புவது. முன்பு மனப்பாடம் செய்த ஸ்கேல்கள் இந்த இடத்தில்தான் கைகொடுத்தன. போய்ச் சேரவேண்டிய இடம் தெரிந்த பிறகு வழி தானாக அமைந்தது. சாக்ஸபோனை எடுப்பதற்கு முன் வரியை வாயால் பாடிவிடுவேன். பாட வராத வரி விரலில் வந்தாலும் உயிரில்லாமல்தான் வருகிறது.

இந்த வாத்தியத்துக்கே உரிய ஒரு தொல்லையையும் சொல்ல வேண்டும். நடுவில் இருக்கும் சி ஷார்ப்புக்கு எல்லா விரல்களும் திறந்திருக்கும். அதற்கு அடுத்த டிக்கு ஆறு விரல்களையும் மூடி, ஸ்தாயியை உயர்த்தும் ஆக்டேவ் சாவியையும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். அரைச் சுரத் தூரம்தான், ஆனால் கைக்கு அது பெரிய தாண்டல். என் பழைய பதிவுகளில் வரி தடுமாறும் இடங்களைக் குறித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் இங்கேதான். வெறும் மெதுவான பயிற்சியைத் தவிர இதற்கு வேறு மருந்து நான் கண்டதில்லை.

தாளத்துக்கு உதவியது சீராகத் தட்டு ஒலிக்கும் கருவியான மெட்ரோனோம். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் வாசிக்க அதை 60இல் வைத்து, அடிக்கும் ஒலியை இரண்டாவது, நான்காவது தட்டுகளாக எண்ணிக்கொள்வது. முதல் வாரம் எண்ணிக்கை நழுவிக்கொண்டே இருந்தது, பிறகு ஸ்விங், ஜாஸுக்கே உரிய அந்த ஆடும் லயம், உடம்பில் இறங்கியது. தட்டுகளுக்கு நடுவில் விழும் சுரத்தை நாக்கால் தொடங்கி, தட்டில் விழும் சுரத்துக்கு நாக்குப் படாமல் வழுக்கிச் செல்வதும் அப்படியே பழகியது.

காதால் கேட்டு எழுதி எடுப்பதைப் பற்றிப் பலர் சொல்வார்கள், நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நான்காம் ஆண்டில் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் லெஸ்டர் யங் 1936இல் ‘லேடி பி குட்’ பாட்டுக்கு வாசித்த சோலோவை எடுத்தேன். அறுபத்து நான்கு பார்கள். அவர் வாசிப்பது ஆல்ட்டோவைவிடத் தாழ்ந்த டெனர் சாக்ஸபோன் என்பதால் ஆல்ட்டோவில் எட்டாத கீழ்ச் சுரங்களை ஓர் ஆக்டேவ் ஏற்றிக்கொள்ள வேண்டும். 1939இல் ‘பாடி அண்ட் சோல்’ வாசித்த இன்னொரு டெனர் கலைஞர் கோல்மன் ஹாக்கின்ஸ் ஒவ்வொரு கார்டையும் ஏறி இறங்கிக் காட்டுவார். லெஸ்டர் யங் அப்படி இல்லை. பல கார்டுகளைக் கடந்து ஒரே வாக்கியமாகச் சொல்லிவிட்டு மூச்சு விடுவார், அந்த இடைவெளியும் வாசிப்பின் பகுதி. இருவரில் ஒருவரைத்தான் முதலில் படிக்க முடியும் என்றால் லெஸ்டர் யங்கை எடுங்கள் என்பேன். பாட எளிது, எங்கே வாயை மூடிக்கொண்டிருப்பது என்றும் அவரிடம் கற்கலாம்.

பின்னணி இசைச் செயலிகளை இன்றும் பயன்படுத்துகிறேன். எந்தச் சுருதியிலும் எந்த வேகத்திலும் அலுக்காமல் கூட வரும். ஆனால் அது நான் வாசிப்பதைக் கேட்பதில்லை. நான் நிறுத்தினாலும் அது தன்பாட்டுக்கு ஓடும், அதனால் நிறுத்தவே கூடாது என்ற பழக்கம் எனக்குள் வந்துவிட்டது. ஐந்தாம் ஆண்டில் பியானோ வாசிக்கும் நண்பர் ஒருவருடன் வாரம் ஒரு முறை உட்கார ஆரம்பித்தேன். இரண்டு பார் சும்மா விட்டால் அவர் அங்கே ஒரு பதில் வைப்பார், அதைப் பிடித்துக்கொண்டு நான் தொடர்வேன். ஓராண்டு தனியாகச் செய்ததைவிட அந்த ஆறு மாதத்தில் அதிகம் கற்றேன். முடிந்தால் முதல் ஆண்டிலேயே ஆள் தேடுங்கள்.

இப்போது கையில் இருப்பது ‘ரிதம் சேஞ்சஸ்’. ஜார்ஜ் கெர்ஷ்வினின் 1930ஆம் ஆண்டுப் பாட்டு ஒன்றின் கார்டுகள் மேல் எத்தனையோ ஜாஸ் மெட்டுகள் கட்டப்பட்டிருக்கின்றன, அந்த அமைப்புக்கு இந்தப் பெயர். அதன் நடுப்பகுதியில் ஆல்ட்டோவுக்கு பி 7, ஈ 7, ஏ 7, டி 7 என்று இரண்டிரண்டு பார்களாக வரும். கைடு டோன் வரி டி ஷார்ப், டி, சி ஷார்ப், சி என்று அரை அரைச் சுரமாக இறங்குகிறது, என்ன அழகு! ஆறு விரல்களும் மூடும் டிக்கும் எல்லாம் திறந்திருக்கும் சி ஷார்ப்புக்கும் நடுவில் உள்ள அந்தத் தாண்டல் சரியாக இந்த வரியின் மையத்தில் உட்கார்ந்திருக்கிறது. 160 வேகத்தில் சுத்தமாக வருகிறது. 200இல் இன்னும் இல்லை. தினமும் காலையில் முதல் பதினைந்து நிமிடம் அந்த எட்டு பார்களுக்குத்தான்.