பட்டியல் கட்டணமா, பேரக் கட்டணமா?

புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில், நாட்டாமைகள் வெங்காய மூட்டையை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே லொறி வாடகைப் பேரம் நடக்கும். நூறு மூட்டைக்காரருக்கு ஒரு விலை, பத்து மூட்டைக்காரருக்கு வேறு விலை. புகையிரதம் அரச திணைக்களம். அங்கே எல்லோருக்கும் பொதுவான கட்டணப் பட்டியல்தான் பேசும்.

தனியார் ரயில்கள் ஓடும் அமெரிக்கா இரண்டையும் பார்த்துவிட்டது. 1887ஆம் ஆண்டுச் சட்டம் ஓர் ஆணையத்தை அமைத்து ரயில் கட்டணங்களைப் பகிரங்கமாக்கியது; எண்ணெய் முதலாளிகளுக்கு இரகசியமாகக் கிடைத்த தள்ளுபடிகளுக்கும், ஒரே பாதையில் நெடுந்தூரத்தைவிடக் குறுந்தூரத்துக்குக் கூடுதலாகக் கறப்பதற்கும் எதிராக நின்றது. சிறு வியாபாரிக்குப் பெரும் தெம்பு. ஆனால் காலப்போக்கில் கட்டண மாற்றமெல்லாம் அந்த ஆணையத்தில் இழுபட்டது. லொறிகள் சரக்கை அள்ளிக்கொண்டன. 1970இல் பென் சென்ட்ரல் என்ற பெரிய ரயில் நிறுவனம் திவாலானது.

1980இன் ஸ்டாகர்ஸ் ரயில் சட்டம், ரயில் நிறுவனமும் சரக்கு அனுப்புபவரும் பேரம் பேசிச் செய்யும் தனி ஒப்பந்தங்களுக்கு வழிவிட்டது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தால் சராசரிக் கட்டணம் நன்றாகவே இறங்கியது. ஒரே பாதையை நம்பியிருக்கும் தானியக் கிடங்குக்கு என்ன கிடைத்தது? முறையிடும் உரிமை. அதுவும் கட்டணம் மாறுசெலவின் (சரக்கின் அளவோடு ஏறி இறங்கும் செலவின்) 180 சதவீதத்தை எட்டினால்தான். வழக்குச் செலவு தனி.

லொறி போட்டிக்கு நிற்கும் இடத்தில் பேரமே எனக்குச் சரி. மாற்றுவழியே இல்லாத இடத்தில் பட்டியலைத்தான் கேட்பேன்.