காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் கப்பல் சாமான் வாங்குவோருக்கு

தேக்குத் தூண், எனாமல் தூக்குச்சட்டி, பர்மாப் பெட்டி என்றால் இந்தத் தெருப் பழம்பொருள் கடைகளுக்குத் தாராளமாகப் போகலாம். கப்பல் சாமானுக்குத்தான் நிதானம் வேண்டும்.

வட்டச் சன்னலைக் காட்டி ‘ரஜுலாவில் கழற்றியது’ என்பார்கள். 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் அறையின்றிக் கப்பல் தளத்திலேயே பயணிப்போரை அடைத்துக்கொண்டு ஓடி, 1970களின் நடுவில் உடைப்புக்குப் போனது. ஆதாரச் சீட்டு இல்லையென்றால் அந்தப் பெயருக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீர்கள்.

அசல் சன்னல் கனத்த பித்தளை வார்ப்பு. கண்ணாடியும் தடிமனாக இருக்கும். பின்புறம் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். வெள்ளை தெரிந்தால் அலுமினியத்தின் மேல் பூச்சு. காந்தம் இதைக் காட்டிக்கொடுக்காது, இரும்பைத்தான் பிடிக்கும். இளஞ்சிவப்புத் திட்டுகள் கண்டால் விட்டுவிடுங்கள்: உப்புநீரில் துத்தநாகம் கரைந்துபோன பித்தளை அது, திருகாணியை முடுக்கும்போதே விண்டுவிடும். ரப்பர் வளையம் இறுகியிருப்பது குறையல்ல, புதிது வெட்டிப் போடலாம். பொருத்துமுன் கீல் ஆணியைக் கழற்றி எண்ணெய் விடுங்கள்.

விளக்கில் ஏமாறுவது இன்னும் எளிது. கப்பலின் பக்கவிளக்கு இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை, 112.5 பாகை வளைவுக்குத்தான் ஒளிவிடும், மீதிப் பக்கம் தகடு. சுற்றிலும் சிவப்புக் கண்ணாடி போட்டதைப் பக்கவிளக்கு என்று விற்றால் வாங்காதீர்கள். முற்றத்தில் தொங்கவிட அழகுதான், அழகுக்கான விலை மட்டும் பேசுங்கள்.